பனியன் கம்பெனியில் ஐந்து போன்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை ஒன்றில் என் போனுக்கு இரண்டாவது தடவையாக சப் போர்டு, அதாவது சார்ஜ் ஓட்டை இருக்கிற சின்ன போர்டு, மாற்றினேன். 650 ரூபாய். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பங்காளி கூப்பிட்டுவிட்டான். "நீ வெச்சிருக்கியே, அதே கம்பெனில புது மாடல் விலை குறைஞ்சிருக்குது. எடுக்கலாமா?" என்னைக் கேட்பதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

நான் திருப்பூரில் நிட்டிங்கில், அதாவது மெஷினில் பனியன் துணி பின்னுகிற வேலையில், இருக்கிறேன். 2005-இல் ஹெல்ப்பராக வந்தவன், இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். நிட்டிங்கில் நின்றவர்களுக்குத் தெரியும், கோன் என்கிற நூல் கூம்பிலிருந்து நூல் மெஷின் ஊசிக்கு வருகிற வழியெல்லாம் பஞ்சு பறக்கும். அது ஊசியில் படியக்கூடாது என்று மெஷினுக்கு மேலே ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். விரட்டிய பஞ்சு எங்கே போகும்? எங்கள் தலை, புருவம், டிபன் பாக்ஸ், சட்டைப் பை. போன் இருப்பதும் சட்டைப் பையில்தான். ஆகவே கேமரா, ராம், டிஸ்பிளே எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். இருபது வருஷத்தில் ஐந்து போன் பார்த்துவிட்டேன். ஐந்தையும் சோதித்தது பஞ்சு.

முதல் போன் நோக்கியா 1100. செகண்ட் ஹேண்டில் 2,200 ரூபாய்க்கு எடுத்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன், அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று இருக்கிறது. அதன் கீபேட் தனித்தனிப் பொத்தான்கள் அல்ல, மொத்தமும் ஒரே ரப்பர் தகடு. பஞ்சு மேலே உட்காரும், உள்ளே இறங்க இடுக்கு இருக்காது. சட்டை நுனியால் ஒரு துடை, முடிந்தது. சார்ஜர் ஓட்டையும் வட்டமாக, பென்சில் முனை நுழைகிற அளவுக்கு இருக்கும். உள்ளே பஞ்சு அடைத்தால் 'பூ' என்று ஊதினால் போதும்.

டார்ச்சையும் சொல்லியாக வேண்டும். சி பொத்தானை அழுத்திப் பிடித்தால் உச்சந்தலையில் லைட் எரியும். ஊசி உடைந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். எந்த ஊசி என்று, ஊசிகள் நிற்கிற சிலிண்டருக்குள் குனிந்து தேட அந்த லைட்தான். 2012-இல் கரண்ட் இல்லாத நேரம் இருக்கிற நேரத்தைவிட அதிகமாக இருந்தபோது, ஜெனரேட்டர் பிடிக்கும் வரைக்கும் மொத்த ஷெட்டுக்கும் அதுதான் வெளிச்சம். 2007-இல், இந்த போனுக்குப் போடுகிற பிஎல்-5சி பேட்டரியில் ஒரு வகை சார்ஜ் போடும்போது சூடாகலாம் என்று நோக்கியா 4.6 கோடி பேட்டரிகளுக்கு அறிவிப்பு விட்டது. அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பின்மூடியைத் திறந்துவைத்து, பேட்டரியில் இருந்த பொடி எழுத்து நம்பரைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தோம். என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை. மாற்றுப் பேட்டரி கிடைக்கவில்லையே என்று சின்ன வருத்தம்கூட.

இரண்டாவது, ஊரே வாங்கிய ரகம்: இரண்டு சிம், நான்கு ஸ்பீக்கர். மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்கும். பொத்தான்கள் தனித்தனி. ஆறே மாதத்தில் 5 என்ற பொத்தானுக்குக் கீழே பஞ்சு மெத்தை கட்டிவிட்டது. அம்மா நம்பரில் மூன்று 5. அதற்கு மேல் அந்த போனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது போன் போனதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். முதல் டச் போன், மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை. சார்ஜ் ஏறவில்லை என்றதும், மெஷினைச் சுத்தம் செய்கிற கம்ப்ரசர் ஏர் கன்னை எடுத்து ஒரு அடி அடித்தேன். சார்ஜ் ஏறியது! பெருமையாக நாலு பேருக்குச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் பேசினால் நான் பேசுவது மட்டும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. சார்ஜ் ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஊசி முனையளவு ஒரு துளை இருக்கும், அதற்குள்தான் மைக். மெஷினுக்கு அடிக்கிற காற்றை அதில் அடித்தால் தாங்குமா?

நான்காவது, ஜியோ வந்த சூட்டில் 2017-இல் எடுத்த 4ஜி போன். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் சார்ஜர் பின்னை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். காலி நூல் கோன் ஒன்றை நிறுத்தி, போனை அதில் சாய்த்து, ஒயரை ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு விடாமல் கையை எடுக்க வேண்டும். யாராவது கதவைச் சாத்தினால் போச்சு. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். அந்தக் கோன் இன்னும் வீட்டில் இருக்கிறது, மகள் பென்சில் வைத்துக்கொள்கிறாள்.

இப்போது இருப்பது ஐந்தாவது, 2021-இல் வாங்கியது. டைப்-சி. எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகும் என்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஓட்டைக்குள் எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன நாக்கு நிற்கும். நோக்கியா ஓட்டைக்கு இரண்டு இணைப்பு போதும், இதற்கு 24. நாக்கைச் சுற்றியிருக்கிற சந்துதான் பஞ்சுக்கென்றே கட்டிய வீடு. ஒவ்வொரு தடவை பின்னைச் சொருகும்போதும் இருக்கிற பஞ்சை நாமே அடியில் தள்ளி இறுக்குகிறோம்.

முதல் தடவை கடைக்குப் போனபோது, பையன் போனை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, நிட்டிங்குங்களா?" என்றான். எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்பதற்குள் மெல்லிய ஊசியால் நெம்பி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஓட்டையின் அச்சு அப்படியே. நீள்வட்டம், நடுவில் நாக்கு இருந்த பள்ளம்கூடத் தெரிந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. அதற்கு முந்தின மாத எக்ஸ்போர்ட் ஆர்டர் சிவப்பு மெலஞ்ச், அதாவது நிறம் கலந்த நூல். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

இரண்டாம் தடவை ஊசியால் ஆகவில்லை, சப் போர்டையே மாற்றினான். அப்போதுதான் தெரிந்தது, இந்த மாதிரி போன்களில் மைக்கும் அதே போர்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. போட்டது டூப்ளிகேட் என்பதால் வேகமாக ஏறிய சார்ஜ் மூன்று மணி நேரமானது. அம்மா, "கெணத்துக்குள்ள நின்னு பேசறயா கண்ணு?" என்றாள். ஒரு வருஷம் கிணற்றுக்குள்ளிருந்தே பேசினேன். போன ஞாயிற்றுக்கிழமை போட்டது ஒரிஜினல் என்கிறான். அம்மா இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

நடுவில் வைத்தியம் பார்க்காமல் இல்லை. ரப்பர் மூடி பத்து ரூபாய்க்கு வாங்கினேன், மூன்றாம் நாள் காணோம். காந்தப் பின் ஒன்று வருகிறதே, ஓட்டையில் ஒரு துண்டை நிரந்தரமாகச் சொருகிவிட்டு ஒயரை ஒட்டவைப்பது, அதையும் போட்டேன். பஞ்சு நின்றது. பதிலாக, உடைந்த ஊசி முனைகளெல்லாம் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. தூசி, தண்ணீர் தாங்கும் என்று ஐபி68 முத்திரை போட்ட போன் வாங்கு, தூசி போகாது என்கிறார்கள். அந்த 6 என்பது போனின் வயிற்றுக்குள் தூசி போகாது என்பதற்கு. வாயில் அடைப்பதற்கு அது பொறுப்பில்லை. டைப்-சி ஓட்டை 10,000 தடவை சொருகி எடுக்கத் தாங்க வேண்டும் என்பது விதி. நாளைக்கு இரண்டு தடவை என்றால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல். விதி எழுதியவர்கள் திருப்பூர் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். இந்த போன் நான்கு வருஷமாக ஒரு நாள்கூட ஹேங் ஆனதில்லை. 5,000 எம்ஏஎச் பேட்டரி இன்றும் இரண்டு ஷிப்ட் தாங்குகிறது. துணியில் விழுந்த கோட்டை போட்டோ எடுத்து அனுப்பினால், ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் ஆபீசில் உட்கார்ந்தபடியே எந்த மெஷின் என்று கேட்கிற அளவுக்குத் தெளிவு. இரண்டு முறை சிமெண்டுத் தரையில் விழுந்தும் கண்ணாடி போகவில்லை. கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல போன் நான் வைத்திருந்ததில்லை. 1100-ஐப் பற்றி உருகினேனே, அதை ஒரு நாள் கையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதன் பேட்டரி மட்டும் அப்பாவின் சின்ன ரேடியோவுக்குப் போனது. அதிலும் அதே பிஎல்-5சிதான். காலையில் கோவை வானொலி பாடுகிறது.

பங்காளியிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எடுக்கலாங்கற?" என்றான்.

"வேண்டாம்" என்றேன்.

அவன் வேலை பார்ப்பது ஏசி போட்ட பாங்கில். அங்கே பஞ்சுக்கு எங்கே போவது என்று அவனும் கேட்டான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். தீபாவளி போனஸ் வந்ததும் அந்தப் புது மாடலை நான் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை.