ஒரே வரிச் சட்டம், இரண்டு சிறிய நாடுகள்: முதலீட்டுக்கு எஸ்தோனியாவா, ஜார்ஜியாவா?

நிறுவனத்தின் லாபம் தொழிலுக்குள்ளேயே இருக்கும்வரை வரி கிடையாது, பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வரி என்ற ஏற்பாட்டை எஸ்தோனியா 2000-ல் கொண்டுவந்தது. 2017-ல் ஜார்ஜியா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. விகிதத்திலும் ஜார்ஜியாதான் மலிவு. எஸ்தோனியாவில் இப்போது 22%. ஜார்ஜியாவில் 15%, அதன் மேல் ஈவுத்தொகைக்கு 5%.

வரியை மட்டும் பார்த்தால் ஜார்ஜியாவுக்கே என் ஓட்டு. நம்மூர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகும் நாடு என்றே பலருக்கும் அது அறிமுகம். ஆனால் மக்கள் போராட்டம் ஆட்சியை மாற்றிய 2003-ன் ரோஜாப் புரட்சிக்குப் பிறகு அங்கே நடந்த நிர்வாகச் சீர்திருத்தம் அசாதாரணமானது. லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துக் காவல்துறையைக் கூண்டோடு கலைத்துவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தார்கள். தலைநகர் திபிலிசியில் ஆற்றங்கரையில் காளான் குடைகள் போன்ற கூரையுடன் ஓர் அரசு சேவை மாளிகை நிற்கிறது. கடவுச்சீட்டு, நிலப்பதிவு, நிறுவனப் பதிவு எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். காலையில் விண்ணப்பித்தால் அன்றே நிறுவனம் பதிவாகிவிடும். தனிநபர் தொழில்முனைவோருக்கு ஆண்டு வரவு 5 லட்சம் லாரி (ஜார்ஜிய நாணயம்) வரை 1% வரிதான். ஆலோசனைத் தொழிலுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எஸ்தோனியாவில் நேரில் போகவே வேண்டாம். 2014 இறுதியில் தொடங்கிய மின்-வசிப்புரிமை (e-Residency) திட்டத்தில் சில்லு பதித்த ஓர் அட்டை தருகிறார்கள். இணையச் சேவைகளுக்குள் நுழைய ஒரு ரகசிய எண், கையொப்பமிட இன்னொன்று. உலகின் எந்த மூலையிலிருந்தும் நிறுவனத்தை நடத்தலாம். வங்கிக் கணக்குதான் இடிக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ பாய்ந்ததும் அதில் பெரும்பகுதி சந்தேகப் பணம் என்பதும் அம்பலமான பிறகு, அங்குள்ள வங்கிகள் வெளிநாட்டவர் என்றாலே தயங்குகின்றன.

பொருளாதாரமும் சோர்ந்துதான் கிடக்கிறது. 2022-ல் பணவீக்கம் 19% தாண்டியது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் 3% அளவுக்குச் சுருங்கியது. அதே காலத்தில் ஜார்ஜியா ஆண்டுக்கு 7 முதல் 11% வரை வளர்ந்தது. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யாவிலிருந்து வந்து குவிந்த ஆட்களும் பணமும் அதற்கு ஒரு பெரிய காரணம். வந்த வழியே திரும்பிவிடக்கூடிய பணம் அது.

இத்தனைக்குப் பிறகும், பத்தாண்டு காத்திருக்க வேண்டிய முதலீடு என்றால் எஸ்தோனியாவைத்தான் சொல்வேன். லாபத்தை உள்ளேயே வைத்திரு என்கிறது சட்டம். வைத்திருக்கும் பணம் பத்து வருடம் கழித்தும் என்னுடையதாக இருக்குமா என்பதை நீதிமன்றமும் அரசியலும்தான் தீர்மானிக்கின்றன. ஜார்ஜியாவின் கருங்கடல் கரையில் அனாக்லியா ஆழ்கடல் துறைமுகத்தைப் பாருங்கள். 2016-ல் ஒரு கூட்டமைப்புடன் ஒப்பந்தம் போட்டார்கள். 2020-ல் அரசே ரத்து செய்தது. தவறு யாருடையது என்று இரு தரப்பும் வழக்காடின. துறைமுகம் மட்டும் வரவில்லை. 2024-ல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைக் குறிவைத்த சட்டம், சர்ச்சைக்குரிய தேர்தல், ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையை 2028 வரை தள்ளிவைக்கும் அறிவிப்பு, தெருவெங்கும் போராட்டம். பொருளாதாரம் 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த அந்த ஆண்டில்தான் நேரடி அந்நிய முதலீடு கடுமையாகச் சரிந்தது.

இரண்டுக்கும் ரஷ்யா அண்டை நாடு. எஸ்தோனியா 2004-ல் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது, 2011-ல் யூரோவுக்கு மாறியது. ஜார்ஜியாவோ 2008-ல் போரைச் சந்தித்தது; நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இன்றும் அதன் கையில் இல்லை. ஸ்கைப்பை உருவாக்கிய எஸ்தோனியப் பொறியாளர்களின் ஊரிலேயே பிறகு பணம் அனுப்பும் சேவையான வைஸ், வாடகைக் கார் செயலியான போல்ட் போன்ற நிறுவனங்கள் வேர்விட்டதில் இந்தப் பாதுகாப்புக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

மடிக்கணினியோடு போய் ஓரிரு வருடம் தங்கித் தொழில் செய்ய நினைப்பவருக்கு ஜார்ஜியாவை இன்றும் தயங்காமல் சொல்வேன். ஆலை கட்டப் போகிறவர், அடுத்த தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.