வின்னிபெக் – எட்மண்டன் ரயில்: கிராசிங்குக்குக் காத்திருக்கும் பயணம்

கனடாவில் வின்னிபெக்கிலிருந்து எட்மண்டனுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். காரில் விடியற்காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். ரயிலில் ஏறக்குறைய ஒரு முழு நாள், அதுவும் அட்டவணைப்படி நடந்தால். சொந்தக்காரர்கள் அங்கே இருப்பதால் சில வருடங்களாக இந்த ரயிலில் போய்வருகிறேன். எகானமி சீட்டில்தான், படுக்கை எடுத்ததில்லை.

டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் நடுவே 4,466 கி.மீ. ஓடும் ‘த கனேடியன்’தான் இது. வாரத்துக்கு இரண்டு முறை. 1955இல் தொடங்கியபோது கால்கரி வழியாக மூன்று இரவில் போய்ச் சேர்ந்தது. 1990இல் சாஸ்கட்டூன், எட்மண்டன் வழிக்கு மாற்றினார்கள். 2008 முதல் நான்கு இரவு. பெட்டிகள் பெரும்பாலும் அந்தக் காலத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகளேதான். அதாவது, அதே பெட்டிகள், இன்று கூடுதலாக ஒரு ராத்திரி.

வண்டி மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஓடும்போது நன்றாகவே ஓடுகிறது. நிற்பதில்தான் நேரம் போகிறது. பாதை சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தம். பெரும்பகுதி ஒற்றைப் பாதை. நம் ஊரில் கூட்ஸ் வண்டியை லூப் லைனில், அதாவது பக்கத்துத் துணைப் பாதையில், ஒதுக்கிவிட்டு எக்ஸ்பிரஸை விடுவார்கள். இங்கே தலைகீழ். சில சரக்கு வண்டிகள் 3 கி.மீ.க்கும் மேல் நீளம். பல லூப்களில் அவை அடங்காது. அடங்குவது பயணிகள் வண்டிதான், அதனால் ஒதுங்குவதும் அதுவே.

முதல் சில பயணங்களில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. வெட்டவெளியில் வண்டி நின்றுவிடும். ஸ்டேஷன் இல்லை, ஊர் இல்லை. அரை மணி நேரம் எதிரே எதுவுமே வராது. அப்புறம் தண்டவாளத்தில் ஒரு அதிர்வு, நம் பெட்டி லேசாக ஆடும், அடுத்த கணம் ஜன்னல் முழுக்க இரும்பு. இரண்டடுக்குக் கன்டெய்னர்கள், தானிய வேகன்கள், பொட்டாஷ் வேகன்கள், எண்ணெய் டேங்கர்கள். இத்தனை நீளமான வண்டியும் மூன்று நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். சரி, இனி கிளம்புவோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், பின்னாலேயே இன்னொன்று வருவதாக அறிவிப்பு வரும்.

சமவெளி சலிப்பூட்டும் என்பவர்கள் அதை ஓடும் வண்டியிலிருந்து பார்த்தவர்கள் என்பது என் கட்சி. நின்ற வண்டியிலிருந்துதான் அங்கே என்ன இருக்கிறது என்பது தெரிகிறது. தண்டவாளத்தை ஒட்டி நிறையக் குட்டைகள் உண்டு. பனியாறுகள் பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்கள். ஒரு முறை அப்படி ஒரு குட்டைக்குப் பக்கத்தில் நின்றோம். சம்பங்கோரையின் நுனியில் தோளில் சிவப்புப் பட்டை போட்ட கருங்குருவி ஒன்று. அது கத்தும்போது கோரை வளையும், பறந்ததும் நிமிரும், மறுபடி வந்து அதே கோரையில்தான் உட்காரும். வேறு கோரையே இல்லாத மாதிரி. எதிர் வண்டி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சுவாரசியம் ஊர்ப் பெயர்கள். நூறு வருடத்துக்கு முன் இந்தப் பாதையைப் போட்ட கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி, ஸ்டேஷன்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறது. மெல்வில் தாண்டியதும் ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பார்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெல்லிஹர் என்று எஃப், ஜி, எச், ஐ, ஜே, கே வரிசையாக வரும். வாட்ரஸுக்கு அப்புறம் எக்ஸுக்கு ஸீனா, ஒய்க்கு யங், இஸட்டுக்கு ஸெல்மா. அது முடிந்ததும் ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று மறுபடி முதலிலிருந்து. பல இடங்களில் இப்போது நான்கு வீடுகூட இல்லை. மெல்வில் மட்டும் வரிசையில் சேராது. அது கம்பெனித் தலைவர் சார்லஸ் மெல்வில் ஹேய்ஸின் பெயர். 1912இல் டைட்டானிக்கோடு மூழ்கிப்போனவர். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் சாஸ்கட்டூன்வரை கவலை இல்லை.

வசதிகள் பற்றி: சீட் நன்றாகச் சாயும், கால் நீட்ட இடம் உண்டு, ஆனால் இரவில் குளிரும். போர்வையும் கழுத்துத் தலையணையும் கட்டாயம். போன் சிக்னல் ஊர் வரும்போது வரும், ஊரோடு போகும். சாப்பாடு வாங்கலாம், எனக்கு ஒத்துவரவில்லை. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவேன். ஒரு வேளை கூடுதலாகவே. எகானமிக்காரர்களுக்கும் மேலே கண்ணாடிக் கூரை போட்ட மாடிப் பெட்டி உண்டு. காலையில் சீக்கிரம் ஏறி இடம் பிடித்துவிடுவேன்.

இதை நம்பி யார் போகலாம்? கல்யாணம், இன்டர்வியூ, விமானம் பிடிப்பது என்றால் வேண்டவே வேண்டாம். முன்பு வேறு வழி இருந்தது. வழியில் இருக்கும் சஸ்காட்செவன் மாகாண அரசு தன் பஸ் கம்பெனியை 2017 மே மாதம் மூடிவிட்டது. அடுத்த வருடம் அக்டோபரோடு கிரேஹவுண்ட் பஸ் கம்பெனியும் மேற்குக் கனடாவை விட்டுப் போய்விட்டது. இன்று சில தனியார் பஸ்கள் ஓடுகின்றன. கார் ஓட்டாத வயதானவர்கள் இந்த ரயிலில் ஏறுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு இது சுற்றுலா இல்லை. சாஸ்கட்டூன் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருப்பதால், வண்டி அகாலத்தில் வந்தால் டாக்ஸிக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

எந்த மாதம் போவது என்று கேட்டால் ஜூலை. கனோலா வயல் மஞ்சளாகப் பூத்திருக்கும், எட்மண்டனில் இரவு 10 மணிவாக்கில்தான் சூரியன் மறையும் என்பதால் கொஞ்சம் தாமதமானாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். அறுவடை தொடங்கிவிட்டால் தானிய வண்டிகள் கூடும். கடுங்குளிரில் வேறு தொல்லை: மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே போனால் ஏர் பிரேக் சரியாகப் பிடிக்க வேண்டும் என்று சரக்கு வண்டிகளின் நீளத்தைக் குறைப்பார்கள். அதே சரக்குக்குக் கூடுதல் வண்டிகள், கூடுதல் கிராசிங். டிசம்பர், ஜனவரியில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று கிளம்புகிறவர்கள் மறுநாளைக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.