வகுப்பிலேயே கண்டிப்பதா, தனியே கூப்பிட்டுப் பேசுவதா?

கல்லூரி வகுப்பில் தொல்லை என்றால் பெரும்பாலும் அடிதடி அல்ல. பின்வரிசையில் ஓயாத பேச்சு, மேசைக்கடியில் செல்போன், பாதி வகுப்பில் உள்ளே வந்து தடதடவென்று நாற்காலியை இழுப்பது, எதற்கெடுத்தாலும் குறுக்கே விழும் ஒரு குரல். செய்பவருக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூட மிரட்டல் அவரிடம் எடுபடாது. மிச்சமிருக்கும் வழிகளில் உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்.

எல்லார் முன்னிலையிலும் கண்டிப்பதில் உடனடிப் பலன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஜேக்கப் கவுனின் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரைக் கண்டித்தார். அதோடு சம்பந்தமே இல்லாத மற்றவர்களும் சட்டென்று ஒழுங்காக உட்கார்ந்தார்கள். அந்த ஆச்சரியமே அவரை ஆராய்ச்சிக்கு இழுத்தது. ஆனால் 1970இல் அவர் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. பள்ளி வகுப்புகளைப் படம்பிடித்து அலசியதில், ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதற்கும் வகுப்பு ஒழுங்காக இருந்ததற்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பில்லை. எல்லா மூலையையும் ஆசிரியர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று மாணவர்களுக்குத் தெரிவதும், பாடம் தடங்கலின்றி ஓடுவதுமே கைகொடுத்தன.

கல்லூரியில் இன்னொரு சிக்கல். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திட்டு வாங்கியவர் சும்மா இருந்தால் அவருக்கு அவமானம், பதில் சொன்னால் ஆசிரியருக்கு அவமானம். இரண்டில் எது நடந்தாலும் பத்து நிமிடப் பாடம் போச்சு.

தனியே பேசுவது மெதுவான வழி, அன்றைய வகுப்பைக் காப்பாற்றாது. அதனால் அந்த நேரத்துக்கு வேறொன்று வேண்டும்: பாடத்தை நிறுத்தாமல் அந்த வரிசைப் பக்கம் நடந்துபோய் நிற்பது, இல்லையென்றால் நடுவாக்கியத்தில் இரண்டு விநாடி மௌனம். பேச்சு, சிரிப்பு ரகமெல்லாம் பெரும்பாலும் இதற்கே அடங்கிவிடும். அடங்காதவரிடம் அன்றைக்கே, கூட்டம் கலைந்த பிறகு: “நான் பாடம் நடத்தும்போது நீங்க பேசிட்டே இருந்தீங்க. முன்னாடி இருக்கிறவங்க திரும்பித் திரும்பிப் பார்க்கிறாங்க, எனக்கும் கவனம் சிதறுது. என்ன விஷயம்?” நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுக் கேள்வியோடு நிறுத்திவிட வேண்டும். “உங்களுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை” என்று ஆரம்பித்தால் அது தனிமையில் நடக்கும் கண்டிப்பு, அவ்வளவுதான். பதிலில் சில சமயம் நமக்கும் ஒரு பங்கு வெளிவரும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் போய்ஸ் 1996இல் எழுதிய ஆய்வு, மாணவர்களோடு ஒட்டாமல், வேகவேகமாகப் பாடம் நடத்துவதையும் வகுப்பறை அநாகரிகத்தின் காரணங்களில் சேர்க்கிறது. கேட்க இனிக்காத சேதிதான்.

என் ஓட்டு தனிப்பேச்சுக்கே. ஒரே ஒரு விலக்கு: ஒரு மாணவர் இன்னொருவரின் சாதியையோ உடலையோ பாலினத்தையோ கேலி செய்தால் அங்கேயே, அனைவர் காதிலும் விழும்படி, “இந்த வகுப்பில் இது கூடாது” என்று சொல்லியாக வேண்டும். தனியே சொன்னால், காயப்பட்டவருக்கு ஆசிரியர் வாய் மூடி நின்றது மட்டும்தான் தெரியும்.

கண்டுகொள்ளாமல் விடுவது பெருந்தன்மை மாதிரி தோன்றும். ஒருமுறை வரும் கொட்டாவிக்கு, தாமதத்துக்கு அது சரி. லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பவரை அப்படி விட முடியாது. கனடாவில் செய்து 2013இல் வெளியான ஒரு சோதனையில், அப்படிப்பட்டவரின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்கள், அது தெரியாத இடத்தில் இருந்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக மதிப்பெண் வாங்கினார்கள். தப்பு ஒருவருடையது, நஷ்டம் பக்கத்து இருக்கைக்கும்.

வெளியே அனுப்புவது கடைசி ஆயுதம். போக மறுத்துவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று யோசிக்காமல் அதை எடுக்கவே கூடாது. துறைத்தலைவருக்கு எழுதும் நிலை வந்தால் “திமிராக நடந்தார்” என்ற வரி எதற்கும் உதவாது. தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள், அதற்கு நீங்கள் சொன்னது, இவை போதும். மிரட்டல் வந்தாலோ, மாணவர் நிலைகுலைந்து போயிருப்பதாகத் தெரிந்தாலோ மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாது. முதலாவதற்குப் பாதுகாப்புப் பிரிவை அழைக்க வேண்டும், இரண்டாவதற்கு மனநல ஆலோசகரை.