8 வயது நாயா, 8 வாரக் குட்டியா?

காப்பகத்திலிருந்து நாய் எடுப்பது என்று முடிவானதும் எங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் இரண்டு கட்சி. பிள்ளைகளுக்குக் குட்டி வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் வயதான நாய். வந்தது 8 வயதுப் பெட்டை, நாட்டு நாய்க் கலப்பு. பெயர் செவலை. அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குட்டியின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டாம். பிள்ளைகளோடு சேர்ந்து வளரும், பல வருடம் கூட இருக்கும். ஆனால் 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒரு தடுப்பூசி. அது முடியும்வரை பார்வோ என்கிற, குட்டிகளின் உயிரையே எடுக்கும் வைரஸ் நோய்க்குப் பயந்து தெருவில் இறக்கிவிட முடியாது. பல் விழுந்து முளைக்கிற மாதங்களில் செருப்பும் ஒயரும் தப்பாது. எங்கள் வீட்டில் பகலில் இருப்பது அம்மா மட்டும். ஓடிவந்து காலில் மோதுகிற குட்டியை அவரால் சமாளிக்க முடியாது.

செவலை வந்த புதிதிலேயே ஒன்றுக்குப் போக வாசலில் போய் நின்றது. இனி வளரப்போவதில்லை, குணமும் பெரும்பாலும் காப்பகத்தில் பார்த்ததுதான். சாப்பிடும்போது தொட்டால் உறுமுமா, பூனையைக் கண்டால் பாயுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

சரி, வைத்தியம். வயதான நாய் என்றாலே எல்லோரும் தயங்குவது இதற்குத்தான், தயக்கம் நியாயமானதும்கூட. என் அனுபவத்தில், வீட்டுக்குக் கூட்டிவரும் முன்பே ஒரு முழுப் பரிசோதனை செய்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவின் அளவு ஏறும். அதனால் சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கும் சோதனை வேண்டும். பெட்டையென்றால் கருத்தடை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகாதவற்றுக்கு வயதானபின் கருப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்து உண்டு. பல்லில் காரை பிடித்திருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், அது தனிச் செலவு. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் பெரிய பலம்.

அப்புறம் மாதச் செலவு. செவலைக்கு மூட்டுவலி மாத்திரை, உண்ணி மருந்து, 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. முன்கூட்டியே தெரிந்த செலவு என்பதால் ஒதுக்கி வைத்துவிட முடிகிறது. வலிக்கிறதே என்று நாம் சாப்பிடும் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபெனைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம். வழுக்கும் டைல்ஸில் பழைய கோணிகளை விரித்திருக்கிறோம். நடை என்றால் கடற்கரைச் சாலையில் வண்டி விடாத விடியற்காலையில், கொஞ்ச தூரம்தான். அது போதும் அதற்கு. ரேபிஸ் ஊசி, மழைத் தண்ணீர் தேங்குகிற ஊர் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி, இவை குட்டிக்கும் வயதான நாய்க்கும் பொது.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய சாதிகளை வயதான பிறகு எடுத்து நான் வளர்த்ததில்லை. இடுப்பு மூட்டு கெட்டுப்போன 30 கிலோ நாயைத் தூக்கி இறக்குவது வேறு வேலை; என் கணக்கு அங்கே செல்லாது. படுக்கையில் விழுந்த நாயைப் பராமரிக்கும் நிலையும் எங்களுக்கு இன்னும் வரவில்லை. பகல் முழுக்கத் தெம்பான ஆள் இருக்கிற வீடு, ஒரே நாயோடு பல வருடம் வாழ ஆசை என்றால் குட்டியே எடுங்கள். பகலில் பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு, சோதனை முடிவுகளைக் கையில் வாங்கிக்கொண்டு, 8 வயது நாயைத்தான் எடுக்கச் சொல்வேன்.