மஞ்சக் கடுதாசியா, பேசி முடிப்பதா?

போன ஆடியில், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் மாப்பிள்ளை முறைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து டெய்லி காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பென்சிலில் கணக்கு: வங்கிக்கு 14 லட்சம், நூல்காரருக்கு 5 லட்சம், கைமாத்தும் புரோநோட்டுமாக ஆறு பேருக்கு 8 லட்சம்.

“ஏனுங்க மாமா, பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்தர்லாமுங்களா?”

ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கடன் எவ்வளவு என்பதை விட, யாரிடம், எதன் பேரில் வாங்கியது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மஞ்சக் கடுதாசி என்பது, கடனைக் கட்ட முடியவில்லை என்று சப் கோர்ட்டில் போடும் திவால் மனு, சுருக்கமாக ஐ.பி. 2016-இல் புதுத் திவால் சட்டம் வந்ததே என்பார்கள். தனி ஆட்களுக்கான அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் வரைக்கும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பேரில் தறி ஓட்டுபவருக்கு இன்னமும் 1920-ஆம் வருடச் சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் இருக்கிறது. அந்தக் காலத்து ஐந்நூறு!

கோர்ட் திவாலானவர் என்று அறிவித்துவிட்டால், கடன் கொடுத்தவர்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு கேட்கலாம். வாசலில் வந்து கத்துகிற கூட்டம் அடங்கும். கைமாத்துக் கடன் மட்டுமே இருந்து, விற்க ஒன்றும் இல்லாதவருக்கு இது உண்மையிலேயே மூச்சு விட ஒரு வழி. அவரைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

மாப்பிள்ளையின் நிலைமை வேறு. தறி செட்டும் இடமும் வங்கி அடமானத்தில் இருக்கின்றன. அடமானம் வாங்கியவரின் கையை ஐ.பி. கட்டாது. வங்கிக் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்கப் போகும். அந்தக் கடனுக்கு அவருடைய சகலை ஜாமீன் போட்டிருக்கிறார். கோர்ட்டில் இவர் கடனிலிருந்து விடுதலை வாங்கினாலும் சகலை மாட்டிக்கொள்வார். நூல்காரரிடம் செக் கொடுத்திருக்கிறார். செக் திரும்பினால் வருவது கிரிமினல் வழக்கு, ஐ.பி. போட்டதால் அது போய்விடாது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியும் அப்படியே நிற்கும். ஆக, 27 லட்சத்தில் மஞ்சக் கடுதாசி நிஜமாகத் தொடுவது அந்த எட்டு லட்சத்தைத்தான்.

அப்புறம் அவர் மெதுவாக ஆரம்பித்தார்: “வீட்டைப் பொண்டாட்டி பேருக்கு மாத்திட்டு அப்புறம் போட்டா?” இதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! சும்மா எழுதிக் கொடுத்த சொத்து என்றால், இரண்டு வருடத்துக்குள் ஐ.பி. வந்தால் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்ய முடியும். ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டி முன்னதாகக் கொடுத்த பணமும் மூன்று மாதத்துக்குள் என்றால் அதே கதைதான். நோட்டே எழுதாமல் நம்பி ஒன்றரை லட்சம் கொடுத்த சித்தப்பாவுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கோர்ட்டுக்குப் போகாமல் கடன் கொடுத்தவர்களோடு பேசி முடிக்கும்போது அதற்கு இடம் உண்டு. கோர்ட்டில் சித்தப்பாவும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பேசி முடிப்பதும் லேசு இல்லை. ஒரு தொகையைப் பேசி ஒரே தடவையில் கடனை முடிக்கும் வங்கியின் ஓ.டி.எஸ். நம் உரிமை அல்ல, வங்கி மனது வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. விவசாயம் அல்லாத கடனைத் தள்ளுபடியோடு முடித்தால், அதே வங்கி மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் ஆகும். கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் ‘முழுதும் கட்டினார்’ என்று இருக்காது, ‘செட்டில்டு’ என்றுதான் நிற்கும். மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடித்தால் ஒன்று நிச்சயம்: அந்தத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது.

கைக்கடன்காரர்களிடம் பேசும்போது ஒரு விஷயம். புரோநோட்டுக்கு ஆயுசு மூன்று வருடம். அதற்குள் “ஒரு ஐயாயிரம் குடு, பின்னாடி வரவு எழுதிக் கையெழுத்துப் போடு” என்பார்கள். போட்டால் அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருடம். மொத்தமாக எவ்வளவு என்று பேசி முடிக்காமல் இப்படிச் சில்லறையாகக் கொடுத்தே பலர் கடனை வளர்த்திருக்கிறார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் கேட்க லேசாக இருக்கும், வருடத்துக்கு 24 சதவீதம் அது.

நான் பேசி முடிக்கத்தான் சொன்னேன், அதையும் உடனே. ஓடுகிற தறியாக விற்றால் ஒரு விலை, நிறுத்திப் போட்டுத் துருப்பிடித்தபின் பழைய இரும்பு விலை. எல்லாம் போனபின் பேசப் போனால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. பேச்சு முறிந்தால் ஐ.பி. போடலாம். போட்டபின்னும் கோர்ட்டுக்குள்ளேயே சமரசத் திட்டம் வைக்கலாம். வந்திருக்கும் கடன்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதித்து, அவர்கள் தொகை முக்கால் பங்காவது இருந்தால், கோர்ட் ஏற்கலாம்.

எட்டுத் தறியை விற்றார். சித்தப்பா உட்பட ஆறு பேரில் ஐந்து பேரிடம் வட்டியைக் குறைத்து முடித்துவிட்டார், நூல்காரரிடம் இருந்த செக்கும் திரும்பி வந்தது. வங்கியோடு இன்னும் பேச்சு நடக்கிறது. பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் மட்டும் “நோட்டு எங்கியோ இருக்குதுங்க, தேடித் தர்றேன்” என்றார். அதுவரை காத்திருக்காமல், முழுக் கடனும் தீர்ந்தது என்று ரசீது எழுதி வாங்கச் சொன்னேன். அதைக் காலண்டர் தாளோடு பின் அடித்து வைத்திருக்கிறார்.