“இதுவும் டிஎஸ்எல்ஆர் தான் தம்பி”ன்னு சொன்னா நம்பிறாதீங்க

கொழும்புல ரெண்டு வருசம் கடையில நின்னு சேத்த சல்லி, ஊருக்கு வாற வழியில கண்டியில ஒரு கடையில குடுத்துட்டு வந்தேன். கடை பேர் வேணாம். நான் கேட்டது டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ கழட்டி மாத்துற கெமரா. முதலாளி எடுத்து வச்சது 50 எக்ஸ் சூப்பர்சூம், லென்ஸ் உடம்போடயே ஒட்டி இருக்கும், 50 மடங்கு சூம் ஆகும். “இதுவும் டிஎஸ்எல்ஆர் தான் தம்பி, லென்ஸ் தனியா வாங்குற செலவு மிச்சம்”ன்னாரு. புடிக்கிற புடி, மேல பிளாஷ், கறுப்பு உடம்பு, பாக்க அப்படியே அதே மாதிரி தான் இருந்திச்சு. வாசலுக்கு கூட்டிட்டு போய் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த போர்ட சூம் பண்ணி காட்டுனாரு, பகல் பன்னெண்டு மணி வெயில், எழுத்தெல்லாம் பளிச். அதுலயே விழுந்துட்டேன்.

மாசியில எங்க தேயிலத் தோட்டத்துல காமன் கூத்து, மன்மதன்-ரதி கதைய ஆடுற கூத்து. ராத்திரி, ரெண்டு டியூப் லைட்டும் பந்தமும் தான், அதோட லேசா மிஸ்ட் வேற. சூம் பண்ணுனா லென்ஸ் எஃப் 6.5க்கு போயிருது (இந்த நம்பர் கூடக்கூட லென்ஸோட வாய் சின்னதாகும்), வெளிச்சமே உள்ள வரல, இருட்டுல படம் பளிச்சுன்னு விழ கூட்டுற ஐஎஸ்ஓவ 3200 வச்சா ரதி வேசக்காரர் மூஞ்சி மெழுகுல செஞ்ச மாதிரி, சட்டையில இருந்த ஜிகினா எல்லாம் கரைஞ்சு ஒரே மஞ்சள் திட்டு. பக்கத்துல நின்ன கூட்டாளி, பழைய செகன்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர்ல 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் போட்டு அதே ஐஎஸ்ஓல எடுத்தான், ஜிகினாவ ஒவ்வொண்ணா எண்ணலாம்.

பொறகு தான் தேடி பாத்தேன். என் கெமராவுல சென்சார், அதாவது வெளிச்சத்த புடிச்சு படமாக்குற சில்லு, 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், ஒரு பருப்பு அளவு. அவன்ட்ட இருக்கிறது கிட்டத்தட்ட 23க்கு 15, பரப்புல பாத்தா 12 மடங்குக்கு மேல. மெகாபிக்சல் ரெண்டும் ஒண்ணு தான், ஆனா அத்தன புள்ளியையும் பருப்புக்குள்ள திணிச்சா ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு வெளிச்சம் கெடைக்கும்? லென்ஸ் 1200 எம்எம் வரைக்கும் போகும்னு கடைக்காரர் சொன்னதும் பெரிய சென்சார் கெமராவோட ஒப்பிட்டு சொல்ற கணக்குக்கு தான், லென்ஸ் வளையத்துல பொடி எழுத்துல உண்மையான எம்எம் 4.3-215ன்னு போட்டிருக்கு. வாங்கும்போது அத வாசிங்க, லென்ஸ கழட்டி காட்ட சொல்லுங்க, கழறாட்டி அது டிஎஸ்எல்ஆர் இல்ல. முக்கியமா கடைக்குள்ள, லைட் கொறஞ்ச மூலையில ஒரு போட்டோ எடுத்து பெருசாக்கி பாருங்க.

சும்மா சொல்லக்கூடாது, வெயில் நேரம் குருவி, நிலா எல்லாம் நல்லாத்தான் விழுது, அந்த தூரத்துக்கு டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வாங்க என்னால ஏலாது. ஆனா நான் கேட்டது அது இல்லையே. திருப்பி குடுக்க போனா பெட்டி ஒடைச்சாச்சுன்னாரு, பில்ல நீட்டுனா அதுல “கெமரா 1”ன்னு மட்டும் எழுதியிருக்கு. மாடல் நம்பர், டிஎஸ்எல்ஆர்ங்கிற சொல்லு ரெண்டும் பில்லுல விழாம சல்லிய குடுக்காதீங்க.

ஆவணியில சித்தப்பா மகள் கல்யாணம், போட்டோவுக்கு என்னைய தான் சொல்லியிருக்காங்க. போன கெழம போய் ஹோல்ல எத்தன லைட்டுன்னு எண்ணிட்டு வந்தேன்.