அட்ரினலின் 1 மி.லி. ஆம்பூல்: மருந்து தங்கம், குப்பிதான் வில்லங்கம்

தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் கதண்டு என்கிற பெரிய குளவி கொட்டினாலும் சரி, நாகப்பட்டினத்து இறால் ஒத்துக்கொள்ளாமல் தொண்டை அடைத்தாலும் சரி, கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின்தான். அவில் என்கிற ஒவ்வாமை மருந்து அரிப்பைக் குறைக்கும். டெக்சா என்கிற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். விழுகிற ரத்த அழுத்தத்தை இரண்டும் தூக்காது.

மெடிக்கலில் டாக்டர் சீட்டுக்குக் கிடைப்பது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள கண்ணாடி ஆம்பூல். மலிவு. மருந்துக்கு 5க்கு 5 தரலாம். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளாகப் பார்த்தால் 2தான்.

காரணம், பெரியவருக்குத் தேவை பாதிதான்: 0.5 மி.லி. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.லி.; 20 கிலோ என்றால் 0.2, எப்படியும் 0.3ஐத் தாண்டக் கூடாது. பதற்றத்தில் முழுசாக இழுத்துவிடுவது சுலபம். அதையே நரம்பில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். இடம், தொடையின் நடுவே வெளிப்பக்கத் தசை. தேறாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்துக்குள் அதே அளவு இன்னொரு முறை.

உடைப்பதிலும் பக்குவம் உண்டு. கழுத்திலுள்ள புள்ளி நம்மைப் பார்க்க, பஞ்சைச் சுற்றிப் பின்பக்கமாக அழுத்த வேண்டும். இன்சுலின் சிரிஞ்ச் உதவாது; ஊசி குட்டை, மருந்து தோலுக்கடியிலேயே நின்றுவிடும், கோடுகளும் யூனிட் கணக்கு. மி.லி. கணக்கில் நுண்ணிய கோடு போட்ட 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச் வாங்கி, அதோடு வரும் குட்டை ஊசியைக் கழற்றிவிட்டு 23 கேஜ், 1 அங்குல ஊசி மாட்டுங்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ போட்டுக் காட்டச் சொல்லிப் பழகாமல் கையில் எடுக்காதீர்கள். ஒரே அழுத்தில் அளவாகப் போகும் ஆட்டோ இன்ஜெக்டர் இதற்கெல்லாம் தீர்வுதான். ஆனால் விலை அதிகம், நம் ஊர் மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துத் தருகிற சரக்கும் அல்ல.

25 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் டிக்கி ஆகவே ஆகாது. மருந்து இளஞ்சிவப்போ பழுப்போ ஆகியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஊசி போட்டதும் 108. வண்டி வரும்வரை கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள்; மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம். இரண்டு பேருக்கு நடுவே பைக்கில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம். ரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்பாமல் உயிரே போகலாம். தேறியவரையும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும், அடங்கியது திரும்ப வரலாம்.